மாறும் தொழிலும் மாறாத அறிவும்

தொழில் என்பது மனிதனுக்கு வெளியே நிற்கும் ஒன்றா? அன்றி, அவனுக்குள்ளே குடிகொண்டிருக்கும் ஒன்றா? ஒருவரைப் பற்றி அறிய விழைவோர், "அவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்றே முதலில் கேட்கின்றனர். தொழிற்பெயரே மனிதனின் பெயராகிவிடும் உலகம் இது. அத்தொழில் ஒருநாள் இல்லாது போயின், அவனிடம் எஞ்சுவது யாது? எஞ்சியதைக் கொண்டு அவனைப் புதிய தொழிலுக்கு ஆயத்தம் செய்யும் கடமை யாரைச் சாரும்? முதல் வினா மெய்யியல் சார்ந்தது. இரண்டாவது அறம் சார்ந்தது. இவ்விரண்டையும் நமக்கு அண்மையிலுள்ள ஒரு சான்றினைக் கொண்டு ஆராய்தல் நன்று. அச்சான்று கிள்ளான் துறைமுகமாகும்.

பொருள்கள் விளையும் இடத்திலிருந்து வேண்டுவோர் கைக்குச் சேரும்வரை உள்ள நீண்ட தொடரை இன்று 'விநியோகச் சங்கிலி' என்கின்றனர். பெயர் புதிது, செயல் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தில் மலைபோற் குவிந்த பொருள்களுக்குச் சுங்கம் கொள்வோர் சோழரின் புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. எண்ணுதல், முத்திரையிடுதல், காத்தல், ஏற்றுதல் ஆகிய நான்கும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. செய்யும் கைகளும் கருவிகளுமே மாறின.

சிலாங்கூரின் முதல் ரயில் பாதை 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்தது. 1901இல் கிள்ளான் ஆற்று முகத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பெற்றது. 1963இல் தனித் துறைமுக ஆணையம் அமையும்வரை அத்துறைமுகத்தை நடத்தியது ரயில்வே நிர்வாகமே. ஆகவே, ரயில்வே பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் நிறைந்திருந்த பிரிக்பீல்ட்ஸும் கப்பல்கள் வந்தடைந்த கிள்ளானும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளாயின. தண்டவாளம் இட்டவருள்ளும் மூட்டை சுமந்தவருள்ளும் தமிழகத்திலிருந்து வந்தோர் பெருந்தொகையினர். நிலைய அதிபர்களாகவும் கிராணிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். ரப்பரும் ஈயமும் இவ்வழியே உலகச் சந்தையை அடைந்தன.

அக்காலத் துறைமுகத் தொழிலாளியை வெறும் சுமைதூக்கி என்று எண்ணுதல் பேதைமை. கனத்த சரக்கு அடியிலும் இலேசானது மேலிலும் அமைய வேண்டும். அடுத்த துறையில் இறக்க வேண்டியதைக் கடைசியில் ஏற்ற வேண்டும். ஈரம் கக்கும் சரக்கின் அருகே தேயிலை இருத்தலாகாது. ஒருபுறம் பாரம் மிகுந்தால் கப்பல் சாயும். இவற்றையெல்லாம் அவன் ஏட்டில் பயின்றானில்லை. தோளாலும் கண்ணாலும் பயின்றான்.

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், அமெரிக்காவின் நியூவர்க் துறையிலிருந்து 58 உலோகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்னும் லாரிப் போக்குவரத்து முதலாளியின் முயற்சி அது. சரக்கைத் தனித்தனியே தூக்காமல், பெட்டியோடு லாரியிலிருந்து கப்பலுக்கு மாற்றும் அவ்வழக்கம் உலகெங்கும் பரவிற்று. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மறு ஆண்டே, 1973இல், அங்குக் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. பலர் கூடிப் பல நாள் செய்த வேலையைப் பாரந்தூக்கியும் சிலருமாகச் சேர்ந்து சில மணி நேரத்தில் முடிக்கலாயினர்.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டிய உண்மையொன்றுண்டு. தொழிலாளியின் கைவேலை மறைந்ததேயன்றி, அவன் அறிந்திருந்த அறிவு மறையவில்லை. கனத்த கொள்கலன் அடியிலும், முதலில் இறக்க வேண்டியது மேலேயும் இருக்க வேண்டும் என்னும் விதி இன்றும் கப்பலை ஆள்கிறது. கணினித் திரையின் முன் அமர்ந்து கொள்கலன் அடுக்கு முறையைத் திட்டமிடும் இளைஞர் பயன்படுத்துவது அதே அறிவையே. அறிவு கரை கடந்தது. அறிந்தவன் கரையிலேயே நின்றான். ஏன்?

அவ்வறிவு கையில் இருந்தது, சொல்லில் இல்லை. செய்யத் தெரிந்தவனுக்கு, 'ஏன் இவ்வாறு செய்கிறேன்' என எடுத்துரைக்கும் வாய்ப்பு எவராலும் அளிக்கப்படவில்லை. சொல்லாக மாறாத திறன் உடலோடு பிணைந்தே கிடக்கிறது. சொல்லாக மாறிய திறனோ ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கு எளிதாகப் பெயர்கிறது.

எனவே, எத்தொழிலிலும் மூன்று அடுக்குகள் உள எனலாம். முதலாவது கைத்திறன், இது கருவியோடு மாறும். இரண்டாவது காரண அறிவு. சொல்லில் அமைந்தால் இது வாழும். மூன்றாவது பொறுப்புணர்வு, எக்கருவி வரினும் இது மாறாது. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்னும் பெருங்கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி, ஆறு நாள் வழியடைத்தபோது உலக வாணிகமே தடுமாறியது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் ஷா ஆலம், கிள்ளான் வட்டாரத்தை மூழ்கடித்தது. இத்தகைய வேளைகளில், கிடைக்கும் சிறு வழியில் எதை முதலில் அனுப்புவது? மருத்துவமனைக்குரிய மருந்தையா, மிகுந்த வாடகை தருவோரின் சரக்கையா? கணினி கணக்கிட்டுத் தரலாம். ஆனால் எதனை மேலாகக் கொண்டு கணக்கிடுவது என்பதை மனிதனே வகுக்க வேண்டும். மனிதன் தன் தொழிலை இழந்த பின்னும் அவனிடம் எஞ்சுவது எது என்ற முதல் வினாவுக்குக் காரண அறிவும் பொறுப்புணர்வுமே விடை.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். "காலத்திற்கேற்ப மாறிக்கொள், இல்லையேல் பின்தங்குவாய்" என்பது இன்று எங்கும் கேட்கும் அறிவுரை. இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவனிடம், இரவில் விழித்துப் புதுத்தொழில் கற்றுக்கொள் என்று கூறிவிட்டு, மாற்றத்தின் ஆதாயம் அனைத்தையும் பிறர் கொள்வது நீதியாகுமா? ஒருவர் விதைக்க, ஒருவர் அறுக்க, மூன்றாமவர் பட்டினி கிடப்பதை எந்த அறநூலும் ஏற்காது.

அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள், ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில், 1960இல் ஓர் உடன்பாடு கண்டனர். இயந்திரங்களை அவர்கள் எதிர்க்கவில்லை. அவற்றால் வரும் ஆதாயத்தில் பங்கு கேட்டனர். முதலாளிமார் ஆண்டுதோறும் 5 மில்லியன் டாலரை ஒரு நிதியில் செலுத்த இசைந்தனர். ஆயினும் அதன் பயன் முழு உறுப்பினர்க்கே கிட்டிற்று. இரண்டாம் பட்டியலில் இருந்தோர் விடுபட்டனர். நீதியான ஏற்பாட்டிலும் வாசலுக்கு வெளியே சிலர் நிற்க நேர்வதை இது காட்டுகிறது.

நம் நாட்டிலும் இக்கடமை ஓரளவு உணரப்பட்டது. 1986இல் கிள்ளான் கொள்கலன் முனையம் தனியார்வசமானது. மலேசியத் தனியார்மயக் கொள்கை, மாறிச் செல்லும் ஊழியரின் பணி நிபந்தனைகள் குறையலாகாது என்றும், முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒழுங்கு நடவடிக்கையாலன்றி நீக்கம் கூடாது என்றும் வகுத்தது. 1992ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டம், ஊழியர் பயிற்சிக்கென முதலாளிகள் நிதி செலுத்தும் முறையைக் கொணர்ந்தது. 2018 முதல் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம், வேலையிழந்தோருக்கு உதவித்தொகையும் பயிற்சியும் வழங்குகிறது. ஆனால் அது தனியார் துறை ஊழியர்க்கானது. சொந்தமாக லாரி ஓட்டிப் பிழைப்போர் அவ்வட்டத்துள் வாரார். ஆக, ஆயத்தம் என்பது தனிமனிதனின் முயற்சியும் சமூகத்தின் கடனும் சேர்ந்ததேயாகும். கற்க மறுப்பவனுக்கு வாசல் திறந்தும் பயனில்லை. வாசலைத் திறவாதவர்க்குக் 'கற்றுக்கொள்' என்று கூறும் உரிமையில்லை.

இன்று கிள்ளான் துறைமுகம் ஆண்டுக்கு 14 மில்லியனுக்கும் மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாள்கிறது. 2023இல் இத்தொகையை அது எட்டிற்று. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த பழைய நிலத்தில் 2001 முதல் கேஎல் சென்ட்ரல் நிற்கிறது. கிடங்குக் கணக்கு, சுங்கப் பத்திரம், லாரி வழித்திட்டம் ஆகியவற்றையெல்லாம் மென்பொருள்கள் ஏற்று வருகின்றன. இத்துறையை நாடும் மாணவர், இன்றைய மென்பொருளைக் கற்பது தேவையே. ஆயின் அதனோடு நின்றுவிட்டால், அன்று தோளை மட்டும் நம்பியவனின் நிலையே நாளை அவருக்கும் வாய்க்கும். இப்பொருள் ஏன் இங்கே காத்திருக்கிறது? இத்தாமதத்தால் துன்புறுவோர் யாவர்? இவ்வினாக்களைக் கேட்கப் பழகியவர், நாளைய கருவியையும் கையாள்வர்.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன பங்கு என்று வினவலாம். செயலைச் சொல்லாக்கும் பயிற்சி மொழி வகுப்பிற்கே உரியதன்றோ? 'மழைநாள்', 'நான் ஒரு குடை' எனக் கட்டுரை எழுதுவிப்பதோடு, மாணவர் தம் வீட்டில் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ லாரியிலோ உழைத்த தாத்தாவை, பாட்டியை, தந்தையை அணுகி, அவ்வேலையை எவ்வாறு செய்தார், ஏன் அவ்வாறு செய்தார் என்று கேட்டு எழுதச் செய்யலாம். மூட்டையை எப்பக்கம் பிடிப்பது என்பது முதல், கணக்கில் ஒரு மூட்டை குறைந்தால் யாரிடம் முதலில் சொல்வது என்பது வரை அதில் இடம்பெறட்டும். கரையிலேயே நின்றுவிட்ட அம்முதியோரின் அறிவு அவ்வாறேனும் சொல்லேறி வரும். தம் குலத்தார் அறிவற்ற கூலிகளல்லர், அறிவுடைய உழைப்பாளிகள் என்பதை மாணவர் உணர்வர். மாறிவரும் தொழிலுலகில் அஞ்சாது அடியெடுத்து வைக்க அவ்வுணர்வும் அவர்க்கு வேண்டும்.