வெயிலில் நிறுத்தப்பட்ட விவசாயிகள்

 



ஹிஷாம் பின் ஹகீம் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தில் ஒரு வழியே போகிறார்கள். சில விவசாயிகளைக் கொளுத்தும் வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "இவர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்கிறார்கள். வரி பாக்கி என்று பதில் வருகிறது. உடனே ஹிஷாம் (ரலி), உலகில் மனிதர்களை வதைப்பவர்களை அல்லாஹ் வதைப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டதாகச் சாட்சி சொன்னார்கள். அதோடு விடவில்லை. அங்கிருந்த அதிகாரி உமைர் பின் ஸஅத் அவர்களிடமே போய்ச் சொன்னார்கள். விவசாயிகள் விடுவிக்கப்பட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது.

அந்த விவசாயிகள் நபாத்தியர்கள். ஹிஷாமின் குலமும் இல்லை, மார்க்கமும் இல்லை. வரி பாக்கி இருந்ததா இல்லையா என்றும் அவர் விவாதிக்கவில்லை. வெயிலில் ஏன் நிறுத்தினாய் என்பதுதான் அவருடைய கேள்வி.

இப்போது நம் பக்கம் வருவோம். தென்னேரியிலிருந்து வாலாஜாபாத் போய், பாலாற்றைத் தாண்டினால் செய்யாறு வட்டாரம். செய்யாறு சிப்காட்டின் மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்கு எங்கள் விளைநிலத்தை எடுக்காதீர்கள் என்று மேல்மா பகுதி விவசாயிகள் 2023 ஜூலையில் போராட்டத்தில் அமர்ந்தார்கள். நூறு நாட்களைத் தாண்டியும் உட்கார்ந்திருந்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் இருபது பேர் கைது. அவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம்! விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்க இடம் தரும் 1982ஆம் ஆண்டுச் சட்டம் அது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு ஆறு பேர் மீதான உத்தரவைச் சில நாட்களில் அரசே திரும்பப் பெற்றது. அவ்வளவு சீக்கிரம் திரும்பப் பெற முடிந்த உத்தரவை முதலில் ஏன் போட்டார்கள்?

சிப்காட் வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். நம் பிள்ளைகளில் பலருக்குச் சோறு போடுவது ஒரகடம், சுங்குவார்சத்திரம் ஆலைகள்தான். அதை நான் மறுக்கவில்லை. 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களையும் போலீஸ் கைது செய்தது. நிலத்துக்காகக் கேட்டவரும் சங்கத்துக்காகக் கேட்டவரும் ஒரே வேனில்தான் ஏற்றப்படுகிறார்கள்.

சகோதரர்களே, ஒன்றை வெட்கத்தோடு சொல்கிறேன். நம்மவர் பிடிபட்டால்தான் மிம்பரில் சிறை என்ற சொல்லே வருகிறது. சூரத்துல் இன்ஸானில் ஏழைக்கும் அநாதைக்கும் அடுத்து, உணவளிக்கப்பட வேண்டியவராகக் கைதியை அல்லாஹ் சேர்க்கிறான். அன்றைய மதீனாவில் கைதி என்றால் யார்? நம்மோடு போரிட வந்து பிடிபட்டவர். பத்ரில் பிடிபட்ட அபூ அஸீஸ் பின்னாளில் சொன்னார்: அன்ஸார்கள் ரொட்டியைத் தமக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்களாம். ரொட்டி அரிதாகக் கிடைத்த காலம் அது.

ஸ்டேன் சுவாமி என்ற பாதிரியாரை நினைத்துப் பாருங்கள். திருச்சி மாவட்டத்தில் பிறந்தவர். ஜார்கண்ட் பழங்குடிகளின் நிலத்துக்காகவும், விசாரணையின்றிச் சிறையில் கிடந்த அவர்களின் இளைஞர்களுக்காகவும் பேசியவர். 2020 அக்டோபரில், 83 வயதில், உபா சட்டத்தில் கைதானார். நடுக்குவாத நோயால் தம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்க ஒரு குவளையும் குழலும் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் இழுத்தது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே, காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார். பூனையைக் கட்டிவைத்து உணவும் தண்ணீரும் கொடுக்காத பெண் நரகம் போனதாகப் படிக்கிறோமே, இது மனிதர்!

நம் நாட்டுச் சிறைகளில் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி 100 பேருக்கான இடத்தில் 131 பேர். நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராதவர்கள். யூஸுஃப் (அலை) அவர்களும் குற்றமற்றவராகவே சிறையில் இருந்தார்கள். விடுதலையாகிப் போன ஒருவர் அரசனிடம் சொல்ல மறந்துவிட்டார். அந்த ஒரு மறதியால் சில ஆண்டுகள் போயின. நாம் அந்த மறந்தவரின் இடத்தில் இருக்கிறோமா?

"அரசாங்கத்தை எதிர்த்துப் பேசச் சொல்கிறீர்களா ஹஜ்ரத்?" என்று கேட்பீர்கள். இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கே எழுதினார்கள்: கைதிக்கு உணவும், கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி உடையும் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க வேண்டும், சங்கிலியோடு பிச்சைக்கு அனுப்பக் கூடாது என்று. அதைத்தான் நாமும் கேட்கிறோம். மருந்து, படுக்க இடம், வக்கீலையும் வீட்டாரையும் பார்க்கும் உரிமை. சிறை வாசலோடு மனித உரிமை முடிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றமும் 1978இலேயே சுனில் பத்ரா வழக்கில் சொல்லியிருக்கிறது.

வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100 என்ற எண்ணை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் யாராவது கைதானால், எந்த மதத்தவரானாலும், அன்றிரவே அந்த வீட்டுக்குப் போய் அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். ஜமாஅத் சார்பில் சிறை நிலைமை பற்றி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். தொழுகை முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

யா அல்லாஹ்! அநியாயமாக அடைபட்டவர்களை விடுவிப்பாயாக. அவர்களுக்காக வாசலில் காத்திருக்கும் தாய்மார்களுக்குப் பொறுமையைத் தருவாயாக. ஆமீன்.