யாரும் பார்க்காத வரி

பெங்களூருவில் ஒரு மென்பொருள் வல்லுநர். பெரிய நிறுவனம் ஒன்றில் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியவர். பின்னர் அதிலிருந்து விலகி, சிறிய வங்கிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஆலோசகராக இருந்து, அவற்றிற்குத் தேவையான புரோகிராம்களையும் தாமே எழுதித் தந்துவந்தார். ஒருநாள் இரவு, புதிய வேலை ஒன்றிற்கு உதவுமே என்று தமது பழைய புரோகிராம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். சேமிப்புக் கணக்குகளுக்கு வட்டி கணக்கிடும் பகுதி அது. ஒரு சிறிய கூட்டுறவு வங்கிக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எழுதியது. சோதனைகள் முடிந்து, வங்கி ஏற்றுக்கொண்டு, ஊதியமும் வந்து சேர்ந்துவிட்ட வேலை. ஒரு வரியில் அவரது கண்கள் நின்றன. அது பிழையான வரி.

அந்தப் பிழையைச் சற்று விளக்கமாகப் பார்ப்பது நல்லது. முன்பெல்லாம் சேமிப்புக் கணக்குகளுக்கு, மாதத்தின் 10-ஆம் தேதி முதல் கடைசித் தேதி வரை இருந்த மிகக் குறைந்த இருப்பிற்கு மட்டுமே வட்டி தரப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் இந்திய வணிக வங்கிகளில் அன்றாட இருப்பிற்கு வட்டி கணக்கிடும் முறை வந்தது. அவர் புரோகிராம் எழுதித் தந்த வங்கியும் இம்முறையையே பின்பற்றியது. ஒரு நாள் வட்டி என்பது பெரும்பாலும் முழுப் பைசாவாக அமையாது. பின்னமும் சேர்ந்தே வரும். அப்பின்னங்களை நாள்தோறும் சேர்த்து வைத்து, வட்டியைக் கணக்கில் வரவு வைக்கும் நாளில் மட்டுமே முழுமையாக்க வேண்டும். ஆனால் அந்த வரி, ஒவ்வொரு நாளும் பைசாவின் பின்னத்தை வெட்டி எறிந்துகொண்டிருந்தது.

ஆண்டு வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் ரூபாய் இருப்பு உள்ளவருக்கு ஒரு நாள் வட்டி சுமார் 821.92 பைசா. அதில் பின்னம் வெட்டுப்பட்டால் ஆண்டு முழுவதற்கும் அவர் இழப்பது சுமார் 3 ரூபாய் 35 பைசா. கிடைக்க வேண்டிய 3,000 ரூபாயில் அது ஒரு பொருட்டல்ல. கணக்கில் 120 ரூபாய் மட்டுமே வைத்திருக்கும் ஒருவருக்கோ ஒரு நாள் வட்டி ஒரு பைசாவிற்கும் குறைவு. பின்னத்தை வெட்டினால் மிஞ்சுவது பூஜ்யம். ஆண்டுக்கு அவருக்கு வர வேண்டிய 3 ரூபாய் 60 பைசா முழுவதும் போய்விடுகிறது. இழந்த தொகை இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒருவர் ஆயிரத்தில் ஒரு பங்கை இழக்கிறார். மற்றவர் தமக்கு உரியது அனைத்தையும் இழக்கிறார்.

சோதனையின்போது இது ஏன் தெரியவில்லை? சோதனைக்கென்று அவர் உருவாக்கிய கணக்குகள் எல்லாவற்றிலும் இருப்பு லட்சங்களில் இருந்தது. நூற்றிருபது ரூபாய்க்காரர் ஒருவர் இருப்பார் என்ற எண்ணமே அவருக்கு அன்று தோன்றவில்லை. உண்மையில் அவரது மனத்தை உறுத்தியது இதுதான். கணிதம் பிழைத்ததற்குக் காரணம், தம்மைவிட எளியவரை நினைத்துப் பார்க்க மனம் தவறியது.

மூன்று சமாதானங்கள்

பிழையைக் கண்டவுடன் மனம் சும்மா இருப்பதில்லை, அது வழக்கறிஞராகிவிடுகிறது. அன்றிரவும் மூன்று வாதங்களை அது எடுத்து வைத்தது.

முதல் வாதம்: 'சோதனைகளில் தேறிய வேலைதானே?' கணிப்பொறி அறிஞர் டைக்ஸ்ட்ரா இதற்கு எப்போதோ பதில் கூறிவிட்டார். பிழை இருப்பதைச் சோதனை காட்டலாம். பிழை இல்லை என்பதை அதனால் ஒருபோதும் நிறுவ முடியாது என்பது அவரது கருத்து. தேர்வில் தேறியதால் மட்டும் ஒரு மனிதன் அறிஞனாகிவிடுவதில்லை அல்லவா?

இரண்டாவது வாதம்: 'இது மிகச் சிறிய பிழை.' சிறியது என்று கூறுவது யார்? 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது, பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் இருந்த பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 அமெரிக்கப் படையினர் உயிரிழந்தனர். அந்த அமைப்பின் கடிகாரம் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு இயங்கியது. மூன்றில் ஒரு பங்கை நமது தசம எண்களில் எழுதப் புகுந்தால் எப்படி முடிவே இல்லாமல் நீளுமோ, அப்படியே பத்தில் ஒரு பங்கு என்பது கணிப்பொறியின் இரும எண்முறையில் முடிவின்றி நீளும். ஓர் இடத்தில் அதை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டப்பட்டது கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் அந்த அமைப்பு இடைவிடாமல் 100 மணி நேரத்திற்கும் மேல் இயங்கியபோது, பிழை விநாடியில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்திருந்தது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பறந்துவிடும். திருத்தப்பட்ட புரோகிராம் தஹ்ரானுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. நாள்தோறும் வெட்டப்படும் சிறிய பின்னம் சிறியதாகவே இருந்துவிடுவதில்லை. கணிப்பொறியிலும் அப்படியே, மனிதனின் குணத்திலும் அப்படியே.

மூன்றாவது வாதம்: 'நான் ஒருவன் மட்டுமா பொறுப்பு?' தேவைகளை எழுதித் தந்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர், கையொப்பமிட்டு ஏற்றவர் ஒருவர். உண்மைதான். பலர் சேர்ந்து தூக்கும் பாரம் ஒவ்வொருவருக்கும் குறையும். ஆனால் பொறுப்பு என்பது பாரத்தைப் போன்றதல்ல. பிழையை அறிந்தவர் ஒருவர் மட்டுமே என்றால், அறிந்த அந்தக் கணத்திலேயே அது முழுவதும் அவருடையதாகிவிடுகிறது.

மறைக்கும் மோதிரம்

இந்தக் கேள்வி கணிப்பொறியோடு பிறந்ததல்ல. பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில், கிளாக்கன் என்பவரின் வாயிலாக ஒரு கதையைக் கூறுகிறார். லிடியா நாட்டு அரசனிடம் வேலை செய்த ஓர் இடையனுக்கு மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதன் முகப்பை உட்புறமாகத் திருப்பினால் அவன் யார் கண்ணிலும் படமாட்டான். இதை அறிந்ததும் அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டையே கைப்பற்றுகிறான். இத்தகைய மோதிரம் கிடைத்தால் நேர்மையாளன் என்று பெயரெடுத்தவனும் அவ்வாறுதானே நடப்பான் என்று கேட்கிறார் கிளாக்கன். தண்டனைக்கு அஞ்சி வரும் நேர்மை, தண்டனை நீங்கினால் தானும் நீங்கிவிடும் என்பது அவரது வாதம்.

மென்பொருள் எழுதுபவரின் விரலில் அந்த மோதிரம் எப்போதும் இருக்கிறது. தச்சர் செய்த நாற்காலி ஆடினால் உட்கார்ந்தவருக்கு உடனே தெரியும். லட்சக்கணக்கான வரிகளுள் ஒரு வரி ஆடுவதை யார் காண்பார்? வட்டி வராத அந்த எளியவர் மூன்று ரூபாய்க்காக வங்கிக்குப் பேருந்து ஏறப்போவதில்லை. வங்கியே பல நாட்கள் உணராமல் போகலாம். அப்படியானால் நேர்மைக்கு என்ன காரணம் மிஞ்சுகிறது?

ஒரு கடைக்காரரை எடுத்துக்காட்டி இதை ஆராய்ந்தார் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இமானுவேல் காண்ட். 1785-இல் வெளிவந்த தமது அறவியல் நூலில் அவர் கூறுவது இதுதான்: விவரம் அறியாத வாடிக்கையாளரையும், ஏன், ஒரு குழந்தையையும்கூட ஏமாற்றாமல் ஒரே விலைக்கு விற்கிறார் கடைக்காரர். ஆனால் அது வியாபாரம் நிலைக்க வேண்டும் என்பதற்காக என்றால், அவரது செயல் கடமைக்கு ஒத்திருக்கிறதே தவிர, கடமையிலிருந்து பிறந்ததல்ல. ஆலோசகரின் தொழிலில் இந்த வேறுபாடு வெகுவிரைவில் வெளிப்பட்டுவிடும். 'இந்தப் புதிய மென்பொருள் உங்களுக்குத் தேவையில்லை. இருப்பதே போதும்' என்று சொன்னால் அவருக்கு வரவிருந்த வருமானம் போய்விடும். நேர்மையும் லாபமும் ஒரே பாதையில் செல்லும்வரை எது எதைத் தொடர்கிறது என்பது தெரியாது. பாதை பிரியும் இடத்தில்தான் தெரியும்.

பிழையை ஏற்கும் பெருமை

பிழையை மறைப்பதற்கு மிகப் பெரிய தூண்டுதல் பணமன்று, மானம். 'வல்லுநர்' என்ற பெயர் குறைந்துவிடுமோ என்ற அச்சம். இங்கே டொனால்டு குனூத்தின் வாழ்க்கை நினைவுகூரத் தக்கது. கணிப்பொறி நிரலாக்கக் கலை குறித்த அவரது புகழ்பெற்ற நூல்வரிசையின் முதல் தொகுதி 1968-இல் வெளிவந்தது. தமது நூல்களில் ஒரு பிழையை முதலில் கண்டு சொல்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் தருவதாக அவர் அறிவித்தார். 256 சென்ட் என்பது பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் ஒரு டாலர். அவர் அனுப்பிய காசோலைகளைப் பலர் பணமாக்காமல் சட்டமிட்டு வைத்துக்கொண்டனர். 2008 முதல் காசோலைக்குப் பதிலாக, ஒரு கற்பனை வங்கியின் சான்றிதழை அவர் அனுப்பலானார். தம் பிழையைத் தாமே விலை கொடுத்து வாங்கிய அந்த அறிஞரின் பெயர் அதனால் குறைந்ததா? இல்லை, அந்தச் சான்றிதழைப் பெறுவதையே பலர் பெருமையாகக் கருதினர்.

பெங்களூரு வல்லுநர் மறுநாள் காலை வங்கிக்குக் கடிதம் எழுதினார். பிழை எது, அது யார் யாரைப் பாதித்தது, எவ்வாறு திருத்துவது என்று தெளிவாகக் குறிப்பிட்டார். திருத்தும் வேலைக்கு ஊதியம் வேண்டாம் என்றும் எழுதினார். பதிலாகப் பாராட்டு வரவில்லை. 'இதை ஏன் அப்போதே கவனிக்கவில்லை?' என்ற கேள்விதான் வந்தது. அந்தக் கேள்வி நியாயமானது என்பதால் அவர் அதை ஏற்றுக்கொண்டார். இரண்டு ஆண்டுகளின் கணக்குகளை நாள் நாளாக மீண்டும் கணக்கிடப் பல இரவுகள் ஆயின. அடுத்த ஆண்டு அந்த வங்கியின் வேலை அவருக்கு வரவில்லை.

நன்மை செய்தால் உடனே நன்மை வரும் என்று எண்ணுபவருக்கு இந்த முடிவு ஏமாற்றம் தரலாம். ஆனால் கிளாக்கனுக்கு சாக்ரடீஸ் தந்த பதில் வேறு வகையானது. அநீதி செய்பவன் பிறர் கண்ணுக்குத் தப்பலாம். தன் உள்ளத்தின் ஒழுங்கு குலைவதிலிருந்து தப்ப முடியாது. நாம் செய்யும் வேலை, பொருளை மட்டும் உருவாக்குவதில்லை, செய்பவரையும் உருவாக்குகிறது.

அதன்பின் அவர் எழுதும் ஒவ்வொரு புரோகிராமிலும், சோதனைக் கணக்குகளின் வரிசையில் முதல் கணக்காக ஒன்று இடம்பெறுகிறது. அதன் இருப்பு 120 ரூபாய். ஆசிரியருக்குக் கடைசி வரிசை மாணவன், மருத்துவருக்குப் பேசத் தெரியாத நோயாளி, எழுத்தருக்குப் படிக்கத் தெரியாத மனுதாரர் என்று ஒவ்வொருவரின் தொழிலிலும் அப்படி ஒரு கணக்கு உண்டு. அதைக் கேட்க யாரும் வரமாட்டார்கள். அதனாலேயே அதை முதலில் சரிபார்க்க வேண்டும்.