அவைக்குறிப்பில் ஏறுவது

சட்டசபை நடவடிக்கைகளைப் பற்றி எழுதுவது நம் வட்டத்தில் கௌரவமான காரியமாகக் கருதப்படுவதில்லை. அது தினசரிகளின் வேலை. நமக்குக் கவிதை இருக்கிறது, பிரக்ஞை இருக்கிறது, படிமம் இருக்கிறது. ஆனால் ஒரு பிரதியின் அந்தஸ்து என்ன, அதை வாசிக்கிற குரலுக்கும் அதற்கும் உள்ள உறவு என்ன, வாசிக்காமல் விடப்பட்ட வரி எங்கே போகிறது என்ற கேள்விகள், 2023 ஜனவரி 9ந் தேதி தமிழ்நாடு சட்டப் பேரவையில் எழுந்த அளவு அப்பட்டமாக எந்த இலக்கியக் கூட்டத்திலும் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த நாளைக் கட்சிக்காரர்கள் தங்களுக்கு வேண்டியபடி பேசித் தீர்த்துவிட்டார்கள். மிச்சமிருப்பது நம்முடைய பிரச்னை.

நடந்தது இது. ஆண்டின் முதல் கூட்டம். ஆளுநர் ஆர்.என். ரவி உரை வாசித்தார். அச்சிட்ட ஆங்கில உரையில் இருந்த சில பகுதிகளை அவர் வாசிக்கவில்லை. தமிழ்நாடு அமைதிப் பூங்கா என்ற பகுதி, பெரியார், அம்பேத்கர், காமராஜர், அண்ணா, கலைஞர் என்ற ஐந்து பெயர்கள், ‘திராவிட மாடல்’ என்ற தொடர் ஆகியவை விடப்பட்டன. பிறகு சபாநாயகர் மு. அப்பாவு தமிழ் வடிவத்தை வாசித்தார். அதன்பின் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எழுந்து, பேரவை விதி 17ஐத் தளர்த்தி, அச்சிட்ட ஆங்கில உரையும் சபாநாயகர் வாசித்த தமிழ் உரையும் மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தேசிய கீதம் வரை காத்திராமல் ஆளுநர் வெளியேறினார். தீர்மானம் நிறைவேறியது.

பெயர்களை விடுவது இங்கே சாதாரண விஷயம் அல்ல. ஐந்து நாள் முன்புதான், ஜனவரி 4 அன்று, ‘தமிழகம்’ என்பதே பொருத்தமான சொல் என்று ஆளுநர் பேசியிருந்தார். ‘தமிழ்நாடு’ என்ற பெயரைத் தம் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்து 1956ல் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார், அக்டோபர் 13 அன்று உயிர்விட்டது இங்கே மதுரை அரசு மருத்துவமனையில். 1967 ஜூலை 18 அன்று அதே பேரவையில் அண்ணாதுரை அந்தப் பெயரை மும்முறை உச்சரிக்க, சபை மும்முறை வாழ்க என்றது. சட்டப்படி பெயர் மாறியது 1969 ஜனவரி 14ல். இப்படி ஒரு சொல்லின் பின்னால் ஒரு பிணமும் ஒரு முழக்கமும் இருக்கிற இடத்தில், சொல்லாமல் விடுவதும் ஒரு பேச்சுத்தான். எல்லோருக்கும் கேட்கிற பேச்சு.

முதல் கேள்வி குரலைப் பற்றியது. அரசியல் சாசனத்தின் 176வது ஷரத்துப்படி ஆளுநர் உரை நிகழ்த்துகிறார். உரையைத் தயாரிப்பது அமைச்சரவை. ‘எனது அரசு’ என்று அவர் சொல்லும்போது அந்த ‘எனது’ யாருடையது? நாடகத்தில் ராஜபார்ட் நடிகன் ‘என் நாடு’ என்றால் நாம் அவனிடம் பட்டா கேட்பதில்லை. இது அப்படிப்பட்ட தன்மை ஒருமை என்பதே பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்ட நிலை. நானே தினமும் மேலாளருக்காக என்று கையெழுத்திட்டுக் கடிதங்கள் அனுப்புகிறேன். கடன் தவணை கட்டத் தவறியவருக்குப் போகும் கடிதத்தின் கடுமை என்னுடையது அல்ல. ஆனால் முற்றிலும் என்னுடையது அல்ல என்றும் என்னால் சொல்ல முடிவதில்லை. கை என்னுடையதுதானே.

இந்தச் சங்கடத்தின் உச்சம் மேற்கு வங்காளத்தில் 1969 மார்ச்சில் நேர்ந்தது. 1967ல் ஐக்கிய முன்னணி அரசை நீக்கியவர் ஆளுநர் தர்ம வீரா. தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்த அதே முன்னணி, அவர் செய்ததைக் கண்டித்து இரண்டு பத்திகளை அவருடைய உரையிலேயே எழுதி அவர் கையில் கொடுத்தது. தன்னைத் தானே தன் வாயால் கண்டித்துக்கொள்ள வேண்டும். அவர் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போனார். எழுதிக் கொடுத்தவர்களின் குரூரமான நகைச்சுவையை நான் ரசிக்கிறேன். தாண்டிப் போனவரையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கேரளத்தில் 2020 ஜனவரி 29 அன்று நடந்தது வேறு. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்க்கும் பத்தி வந்தபோது ஆளுநர் ஆரிஃப் முகமது கான் நிறுத்தினார். இதில் தனக்கு உடன்பாடில்லை, முதலமைச்சர் விரும்புவதால் வாசிக்கிறேன் என்று சொன்னார், வாசித்தார். குரல் வேறு, பிரதி வேறு என்பதைச் சபையின் முன் பிரித்துக் காட்டிவிட்டு இரண்டுக்கும் இடம் கொடுத்தார். இந்த மூன்று பேரில் நேர்மையான வாசகர் அவர்தான் என்று எனக்குப் படுகிறது. சென்னையில் அன்று விடப்பட்டது எந்த விளக்கமும் இல்லாமல் விடப்பட்டது. அச்சுப்பிரதியைக் கையில் வைத்திராதவனுக்கு ஏதோ விடுபட்டது என்றே தெரிந்திருக்காது. 2024 பிப்ரவரி 12 அன்று அதே ஆளுநர், உரையின் பகுதிகளோடு உடன்பாடில்லை என்று சபையிலேயே சொல்லி வாசிக்க மறுத்தார். சரியோ தவறோ, அது சொல்லிச் செய்த காரியம்.

அடுத்த கேள்விதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அது சபையைப் பற்றியது. அமைச்சரவையின் உரையில் கை வைக்க ஆளுநருக்கு உரிமையில்லை என்ற வாதத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் சபை அவரைக் கண்டித்திருக்கலாம். ஆனால் செய்தது அதுமட்டும் அல்ல. வாசிக்கப்படாதது வாசிக்கப்பட்டதன் ஸ்தானத்துக்கு ஏறியது. வாசிக்கப்பட்ட விதம் இல்லாமல் போனது. அன்று அந்த மண்டபத்தில் நிகழ்ந்தவற்றில் உண்மையிலேயே அர்த்தம் நிறைந்த ஒரே நிகழ்ச்சி அந்த மௌனம். குறிப்பு அந்த மௌனத்தை நிரப்பிவிட்டது. நடந்திருக்க வேண்டியது நடந்ததாக ஆயிற்று.

சட்டத்துக்கு இதில் கூச்சம் இல்லை. பீகார் சட்டசபையில் 1957 மே 30 அன்று ஓர் உறுப்பினர் முதலமைச்சரைத் தாக்கிப் பேசினார். சபாநாயகர் சில பகுதிகளை நீக்க உத்தரவிட்டார். மறுநாள் ‘சர்ச்லைட்’ பத்திரிகை பேச்சை முழுக்க வெளியிட்டது. உரிமை மீறல் என்று ஆசிரியர் எம்.எஸ்.எம். சர்மா மீது நடவடிக்கை தொடங்கியது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1958 டிசம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு சபையின் பக்கம் நின்றது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். நீக்கப்பட்ட பகுதி, சட்டத்தின் கண்ணில், பேசப்படாததற்குச் சமம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. நூற்றுக்கணக்கான பேர் காதால் கேட்டது, மறுநாள் காலை படித்தது, பேசப்படாதது ஆகிவிடுகிறது! ஒரு நாவலாசிரியன் இதை எழுதினால் அதீதக் கற்பனை என்று நாம் தள்ளிவிடுவோம்.

ஆனாலும் நீக்குவதை முழுக்க எதிர்க்க நான் தயாரில்லை. சபையில் பேசுகிறவன் மீது கோர்ட்டில் வழக்குப் போட முடியாது, 194வது ஷரத்து அவனைக் காக்கிறது. அங்கே இல்லாத ஒருவனை, பதில் சொல்ல வழியில்லாதவனை, அவன் திருடன் என்று சொல்லிவிட்டால் அவனுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு அந்த நீக்கல்தான். ஒன்று கவனியுங்கள். மக்களவை விதிகளின்படி, நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறிகள் இட்டு, தலைவரின் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று அடிக்குறிப்பும் போட வேண்டும். சொல் போய்விடுகிறது, சொல் இருந்த பள்ளம் மூடப்படுவதில்லை.

நம் ஆட்கள் இந்த விஷயத்தில் சபாநாயகர்களைவிட மோசம். தொகுப்பு வரும்போது பழைய கவிதையின் வரிகளைச் சத்தமில்லாமல் மாற்றுவதும், இன்றைய நிலைக்கு ஒவ்வாத கட்டுரையை விட்டுவிட்டு ‘முழுத் தொகுப்பு’ என்று அட்டையில் போடுவதும் நமக்குப் பரிச்சயமானவை. ஆடன் 1939 செப்டம்பர் 1 என்ற தேதியையே தலைப்பாகக் கொண்ட தம் கவிதையில் ஒரு பத்தியை 1945 தொகுப்பில் வெட்டினார். 1966 தொகுப்பில் கவிதையையே எடுத்துவிட்டார். அது நேர்மையற்ற கவிதை என்பது அவர் தீர்மானம். ஆனால் அவர் அதை முன்னுரையில் வெளிப்படையாகச் சொன்னார், நட்சத்திரக் குறி போட்ட மாதிரி.

வங்கியில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எனக்கு முந்திய தலைமுறைக் குமாஸ்தாக்கள் லெட்ஜரில் எழுதியவர்கள். தவறான எண்ணைப் பிளேடால் சுரண்டுவது அவர்களிடையே ஏறக்குறையக் கொலைக் குற்றம். அடியில் உள்ள எண் தெரிகிற மாதிரி ஒரே கோடு, மேலே சரியான எண், பக்கத்தில் அதிகாரியின் சுருக்கொப்பம். கணினி வந்த பின்பும் அதே கதைதான். ஏறிய பதிவை அழிக்க முடியாது. எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்யலாம். பாஸ் புத்தகத்தில் இரண்டு வரியும் நிற்கும்.

வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு நாள் பாஸ் புத்தகத்தை என் முன்னால் விரித்தார். வேறு யாருக்கோ சேர வேண்டிய பயிர்க் காப்பீட்டுத் தொகை அவர் கணக்கில் ஏறி, மூன்றாம் நாள் இறங்கியிருந்தது.

“குடுத்துட்டுப் புடுங்கிட்டீகளே தம்பி” என்றார்.

விவரம் சொன்னேன். தன் பணம் இல்லை என்பதை உடனே ஒத்துக்கொண்டார். அவர் கேட்டது வேறு.

“அப்ப அந்த ரெண்டு வரியையும் அழிச்சுக் குடுத்துருங்க. மகன் பாத்தா, பணம் வந்துச்சே, எடுத்து என்ன பண்ணுனேம்பான்.”

“அழிக்க முடியாதுங்கய்யா. வந்ததும் போனதும் ரெண்டுமே இருக்கும்.”

“நான் எடுக்கலங்கிறது அதுல இருக்கா?”

இருந்தது, ஆங்கிலச் சுருக்கெழுத்தில். அவர் மகனுக்காக அதன் பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அழிக்கச் சொன்ன அந்த மனிதரின் கவலை நியாயமானது. பதிவு நிற்பதே போதும் என்று நினைக்கிறவன் அந்தப் பதிவைப் படிக்கத் தெரிந்தவன். படிக்கத் தெரியாதவனுக்கு அடித்த கோடும் ஒரு குற்றச்சாட்டாகத் தெரியலாம். இருந்தும் அந்த இரண்டு வரிகளும் இல்லாத ஒரு பாஸ் புத்தகத்தை நான் அவருக்குக் கொடுக்க மாட்டேன்.

மதுரைக்காரன் என்பதற்காகச் சிலம்பை இழுக்கப் போவதில்லை. மேடைகள் அதைத் தேய்த்துவிட்டன. எனக்கு நினைவு வருவது வேள்விக்குடிச் செப்பேடு. முதுகுடுமிப் பெருவழுதி என்ற பழைய பாண்டியன் கொடுத்த ஊர் களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று. எட்டாம் நூற்றாண்டில் நெடுஞ்சடையன் பராந்தகனின் மூன்றாம் ஆட்சியாண்டில், கொடை பெற்றவன் வழிவந்த ஒருவன் கூடல் நகரில் அரசன் முன்னால் முறையிடுகிறான். அரசன் சிரித்து, உன் பழமையை நாட்டாரைக் கொண்டு காட்டி வாங்கிக்கொள் என்கிறான். அவன் காட்டுகிறான். ஊர் திரும்பக் கிடைக்கிறது. இத்தனையும் செப்பேட்டில் இருக்கிறது. கொடுத்தேன் என்று ஒரு வரி எழுதினால் அரசனின் காரியம் முடிந்திருக்கும். அவன் கேட்ட சாட்சியும் நடுவில் கொடை அற்றுப்போன காலமும் சேர்த்துப் பொறிக்கப்பட்டன. புலமையும் முகஸ்துதியும் வழிகிற சாசனம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முறிவை மறைக்கவில்லை. உரிமையின் பலம் அந்த முறிவைச் சொல்வதில்தான் இருந்தது. பேரவை அன்று தன் பலத்தை வேறு இடத்தில் தேடியது.

சரியாகச் செய்திருந்தால் அன்றைய குறிப்பு எப்படி இருந்திருக்கும்? அச்சிட்ட உரை. எந்த இடங்களில் ஆளுநர் அதை விட்டு விலகினார் என்ற குறி. பிறகு சபையின் கண்டனம். ஐந்து பெயர்களும் அதில் இருந்திருக்கும், ஒருவர் அவற்றை உச்சரிக்கவில்லை என்பதும் இருந்திருக்கும். பெரியாருக்கோ அம்பேத்கருக்கோ இதில் என்ன நஷ்டம்? அவர்கள் பெயரை உச்சரிக்க மறுத்தவர்களின் பட்டியலும் அவர்களுடைய வரலாற்றின் ஒரு பகுதிதானே.

சபை வேறு மாதிரி முடிவு செய்தது. ஆனால் பிரதிகள் எழுதுகிறவர்களுக்கு அவ்வளவு சுலபமாகக் கட்டுப்படுவதில்லை. ஆளுநர் வாசித்த விதத்தை ஒதுக்க ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. தீர்மானத்தைக் குறிப்பில் ஏற்றாமல் முடியாது. அதில் ‘மட்டுமே’ என்ற பொருள் இல்லாமலும் முடியாது. ஐம்பது வருஷம் கழித்து, அன்றைய ஒளிப்பதிவுகள் எந்த இயந்திரத்திலும் ஓடாமல் போன பிறகு, நூலகத்தில் அந்தத் தொகுதியை எடுக்கிற ஒருவன் உரையை ஆளுநர் முழுக்க வாசித்தார் என்றே எடுத்துக்கொண்டு படித்துப் போவான். தீர்மானத்துக்கு வருவான். அச்சிட்டது மட்டுமே என்றால், அச்சிடாதது எது என்று பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பிப்பான்.