தண்டனையைக் குறைக்கக் கோருதல் தகுமா?

குற்றம் புரிந்தவனுக்குத் தண்டனை வேண்டுமென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், அத்தண்டனை அளவு கடந்ததென முறையிடுவோரைக் குற்றத்துக்குத் துணைபோவோரென்று பழித்தல் நேர்மையாகுமா? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்ற ஓர் இளைஞனின் தாய், தண்டனைக் குறைப்பு விண்ணப்பம் எழுதித் தருமாறு நம்மிடம் வந்தாள். அதே லயத்தில், அப்பாழும் பொடிக்குத் தன் மகனைப் பறிகொடுத்த வேறொரு தாயும் வாழ்கின்றாள். "அவள் பிள்ளைக்கு எழுதுகிறீர்களே, கிராணி ஐயா, என் பிள்ளைக்கு யார் எழுதினார்கள்?" என்று அவள் வினவியபொழுது நம் பேனா நின்றுவிட்டது.

அவள் துயரம் மெய்யே. ஆனால், ஒரு தாயின் கண்ணீரை மற்றொரு தாயின் கண்ணீரால் துடைத்தல் இயலுமோ?

மலேசியச் சட்டத்தை நோக்குவோம். 15 கிராமோ அதற்கு மேலோ ஹெராயின் ஒருவனிடம் இருப்பின், அவன் மறுத்து நிரூபித்தாலன்றி, அவனைக் கடத்தற்காரனென்றே சட்டம் அனுமானிக்கும். கடத்தலுக்கு 1983 முதல் தூக்கு ஒன்றே தண்டனையாயிருந்தது. வறுமையால் சுமந்தவனா, பிறரை ஏவிப் பொருள் குவித்தவனா என்று நோக்கித் தண்டனையை வேறுபடுத்த நீதிபதிக்கு உரிமையில்லை. ஆளை நிறுக்கவேண்டிய துலாக்கோல் பொடியை மட்டுமே நிறுத்தது.

2018இல் குறுகிய வரம்புக்குள் நீதிபதிக்கு அவ்வுரிமை கிட்டியது. 2023 ஜூலையில் கட்டாய மரணதண்டனை நீங்கிற்று. முறையீடெல்லாம் முடிந்தோரின் தண்டனையை மீண்டும் ஆராயவும் கூட்டரசு நீதிமன்றம் அவ்வாண்டே அதிகாரம் பெற்றது. சட்டமே தன் கடுமையை மறு ஆய்வு செய்யுமாயின், அதனைக் கோருதல் எங்ஙனம் குற்றமாகும்? சிறையிலிருந்தோன் கோர முடிந்தது; அதற்குமுன் தூக்கிலிடப்பட்டோன் கோருவதெங்ஙனம்?

முறையீடு என்பது குற்றத்தை மறைப்பதன்று. குற்றத்துக்கும் தண்டனைக்குமுள்ள பொருத்தத்தை வினவுவதேயாம். ஆகவே விண்ணப்பத்தை எழுதினோம். அவன் செய்த பிழையை மறைத்து அதில் ஒரு சொல்லும் எழுதினோமில்லை.

மற்ற அன்னைக்கு நாம் பட்ட கடன் வேறு. லயத்தில் பொடி விற்பவன் இன்னானென அறிந்தும் அவன் பிடிபடும்வரை வாய்மூடியிருந்து, பின்னர்க் கடுந்தண்டனை வேண்டுமென முழங்குகிறோமே, அக்கோழைமையை ஒழிப்பதே அக்கடன். தோழர்களே, அதனை நாம் இன்னும் தீர்த்தோமில்லை.