பெருக்கல் குறி போட்ட இடத்தில்

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலில் சேர்க்க ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் இப்போது யாரும் திடுக்கிடுவதில்லை. விடுதியும் சாப்பாடும் தனி. அரசுக் கலந்தாய்வு வழியே தனியார் கல்லூரியில் சேர்ந்தால் இதில் சிறு பங்குதான் ஆகும். முதல் பட்டதாரி என்றால் அதிலும் சலுகை உண்டு. இது தெரியாத பெற்றோர் குறைவு. கட் ஆஃப் இடிக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று பிள்ளை நிற்பான். கட்டிவிடுகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

என்னை உறுத்துவது வேறு. அக்கா மகனின் கல்விக்கடனுக்காக வங்கிக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். ஏழரை லட்சத்துக்கு மேல் என்பதால் வீட்டுப் பத்திரமும் மேசையில் இருந்தது. (ஏழரை என்று எண் அமைந்ததை அக்கா ரசிக்கவில்லை.) பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் பையன் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனான். நடுவில் நிமிர்ந்து, "இன்னும் எவ்ளோ இருக்கு?" என்றான். "நாலு பக்கம்தான் தம்பி" என்றார் மேலாளர்.

கடன்தாரர் அவன்தான். அத்தான் இணைக் கடன்தாரர். ஆனால் தொகை என்ன, வட்டி என்ன என்று அவனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

கணக்கு ஒன்றும் பெரிதல்ல. ஆண்டுக்கு 3 லட்சமாக நான்கு ஆண்டுகளுக்கு 12 லட்சம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி முதல் நாளே ஓட ஆரம்பித்துவிடும். 10 சதவீதம், தனிவட்டி என்றாலே கட்டத் தொடங்கும்போது 16 லட்சத்தைத் தாண்டும். பத்து ஆண்டுத் தவணையென்றால் மாதம் 21,000க்கு மேல். முதல் வேலையில் கைக்கு 25,000 வந்தால் மிச்சத்தில் சென்னையில் அறை வாடகை கொடுக்க முடியுமா? வட்டிக்குப் பழைய வரிமுறையில் வரிக்கழிவு உண்டாம். வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் வந்தால்தானே!

"நீ படிப்பை மட்டும் பாரு, பணத்தைப் பத்தி உனக்கென்ன" என்று பாசத்தோடு மறைப்போம். முதல் அரியர் விழுந்த அன்று அதே தொகையை எடுத்து முகத்தில் எறிவோம். இதைவிடச் சேரும் முன்பே காகிதத்தில் எழுதிக் காட்டுவது மேல். பயப்படுவான்தான். பயந்து கலந்தாய்வு இடத்தையே எடுத்துக்கொண்டாலும் சரி, தெரிந்தே துணிந்தாலும் சரி, முடிவு அவனுடையதாக இருக்கும்.

வங்கி வாசலில் நான் கணக்கைச் சொன்னதில் அக்காவுக்குக் கோபம். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்பா ரிட்டயர் ஆன பிறகுதான் கட்டவே ஆரம்பிப்போமா மாமா?"

அத்தானுக்கு இன்னும் நான்கு ஆண்டு சர்வீஸ். பெரியவர்கள் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.