வளரும் உடம்புக்குக் கடன் சொல்லலாமா?

வயது வந்தவனின் பசியும் பதினாறு வயதுப் பொடியனின் பசியும் ஒன்றல்ல. றெஸ்ரோறன்ற் குசினிகளில் நிற்கும் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். வயது வந்தவன் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் மூன்றாம் நாள் சாப்பிட்டு ஈடுசெய்துகொள்வான். வளரும் உடம்புக்கு அது முடியாது. முழு வளர்ச்சியடைந்த மனிதனின் நிறையில் ஏறத்தாழ அரைவாசி பதின்ம வயதிலேயே சேர்கிறது. எலும்பு தன் சேமிப்பைச் செய்வதும் அப்போதுதான். நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைக்கு இரும்புச்சத்து கூடுதலாக வேண்டும். எலும்பின் வளர்முனைகள் மூடுமுன் நல்ல உணவு கிடைத்தால் இழந்ததில் ஒரு பகுதியை உடம்பு மீட்டுக்கொள்ளும். மூடிய பின் எவ்வளவு கொடுத்தாலும் உயரம் கூடாது.

அப்படியானால், வீடற்ற பிள்ளையிடம் 'பிறகு பார்ப்போம்' என்று சொல்வது வெறும் தாமதந்தானா?

2024 டிசம்பர் 10 தொடக்கம் 2025 மார்ச் 18 வரை, பாரிஸ் நகரின் கெத்தே லிரிக் அரங்கில் ஆபிரிக்காவிலிருந்து வந்த சில நூறு இளைஞர்கள் தங்கியிருந்தார்கள். தாங்கள் பதினெட்டுக்குக் குறைந்தவர்கள் என்றார்கள். அதிகாரிகள் ஏற்கவில்லை. கடைசியில் பொலிஸ் வந்து வெளியேற்றியது. வயதுவழக்கு முடிய மாதங்கள் செல்லும். வளர்ச்சி வழக்குத் தவணைக்குக் காத்திருக்காது. எம்மவரிலும் பலர் அந்த வயதில் தனியாக எல்லை கடந்தவர்களே.

சந்தேகம் இருந்தால், நீதித்துறையின் உத்தரவோடும் இளைஞரின் சம்மதத்தோடும் எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க 2016ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம் இடமளிக்கிறது. இதற்குப் பரவலாகப் பயன்படும் கிறொய்லிக்-பைல் படநூல், 1930களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியாக வளர்ந்த வெள்ளைப் பிள்ளைகளின் கைகளைக் கொண்டு ஆக்கப்பட்டது. போதிய உணவில்லாமல் வளர்ந்த எலும்போ பிந்தித்தான் முதிரும். எலும்பிடம் வயதைக் கேட்கும் அரசு, அது சாப்பிட்டதா என்றும் கேட்கவேண்டாமா?

தர்மம் நடக்கிறதே என்பார்கள். உண்மை. 1985இல் கொலூஷ் தொடங்கிய 'றெஸ்ரோ டு கேர்' இன்றும் சோறு போடுகிறது. 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் விற்காத நல்ல உணவை அழிக்காமல் கொடுக்கவேண்டுமென்று 2016இல் சட்டமும் வந்தது. நல்ல காரியங்கள். ஆனால் மிச்சம் என்பது கொடுப்பவனிடம் மிஞ்சியதன் அளவு. பாணும் சோறும் வயிற்றை நிரப்பும். பால், முட்டை, மீன், பருப்பு, கீரை நாள்தோறும் வேண்டும். தர்மத்துக்குக் கொடுப்பவன் அளவுகோல்; கடமைக்குப் பெறுபவனின் தேவையே அளவுகோல். உடல் வளர்ச்சிக்கு ஏற்ற வாழ்க்கைத்தரம் பிள்ளையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயம் சொல்வதும் இதைத்தான்.

ஏமாற்றுபவர்களும் வருவார்களே என்று கேட்கலாம். வரட்டும், கணக்குப் பார்ப்போம். பத்தொன்பது வயதுக்காரனைப் பிள்ளையென நம்பி ஊட்டினால் நட்டம் சில மாதச் சாப்பாடு. பதினாறு வயதுப் பிள்ளையை நம்பாமல் தெருவில் விட்டால், அந்த நட்டத்தை அவன் ஆயுள் முழுவதும் தன் உடம்பாலேயே கட்டுவான்.