யாருக்கு விடுதலை?

1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து நெப்போலியன், திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலேயர் பிடியிலிருந்து உங்களை விடுவிக்க விருப்பம் என்றார். அன்றைக்கு நம்ம அன்னூர், கோவையெல்லாம் திப்புவின் சீமைதான். கடிதம் வழியிலேயே ஆங்கிலேயரிடம் சிக்கியது. மே 4-ல் திப்பு வீழ்ந்தார்.

நெப்போலியன் வந்திருந்தால் நமக்கு விடுதலை கிடைத்திருக்குமா? சந்தேகம்தான். 1802-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை தொடரச் சட்டம் போட்டவரே அவர்தான். எதிரிக்கு எதிரி நண்பனாகலாம், ரட்சகனாகிவிட முடியாது.

1804-ல் அவர் பாரிஸில் முடிசூடினார். அடுத்த வருஷமே, ஆங்கிலேயரை எதிர்த்த தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். பிடித்த நாடுகளை எண்ணினால் நெப்போலியன் பெரியவர். யாருக்காகச் சண்டை போட்டார்னு கேட்டா? தராசு சின்னமலை பக்கம்தான் சாயும்.